ஆண்ட்வெர்ப் நகரத்தின் பழைய செப்புத்தகட்டு வரைபடம்: அசலா? எந்தக் காலத்து அச்சு?

மழைக்குடை:

எல்லாருக்கும் வணக்கம். பெல்ஜியத்தில் இருக்கிற ஆண்ட்வெர்ப் நகரத்தின் பழைய வரைபடம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பிரசெல்ஸில் மரோல் பக்கம் தினமும் கூடுகிற பழைய சாமான் சந்தையில் வாங்கியது, 110 யூரோ. விற்றவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி நடித்தார், எது என்று எனக்குப் பிடிபடவில்லை. இது அசலா, பிற்காலத்து நகலா, அசல் என்றால் எப்போது அச்சானது என்று யாராவது சொல்ல முடியுமா?

படம் மட்டும் சுமார் 34 செ.மீ. உயரம், 48 செ.மீ. அகலம் இருக்கும், சுற்றிலும் மஞ்சளேறிய வெற்று ஓரம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு, அது அடிப்பக்கம் இரண்டு விரல் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. ஊர்ப்பெயர் லத்தீனில். கீழே ஆறு, ஆறு முழுக்கக் கப்பல்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாய்மரத்துக் கயிறுகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. ஆற்றுக்கு மேலே நகரம், உயரத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல வீடு வீடாக வரைந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய கோபுரம். வலது ஓரத்தில் ஐந்து முனை வைத்த கோட்டை, இடது பக்கம் ஆற்றிலிருந்து ஊருக்குள் வருகிற வாய்க்கால்கள். கூரைகளுக்குச் சிவப்பு, வெளிநிலத்துக்குப் பச்சை அடித்திருக்கிறது.

பின்பக்கம் முழுக்க லத்தீன் எழுத்து. அப்புறம் ஒன்று, முன்னால் பச்சை அடித்த இடங்களுக்கு நேர் பின்னால் மட்டும் காகிதம் பழுப்பாகி இருக்கிறது. பூஞ்சை பிடித்திருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

பக்கத்தில் ஒரு ஃப்ரேம் கடையில் காட்டினேன். ஓரத்தைச் சமமாக வெட்டி, அட்டையில் அழுத்தி ஒட்டி, மடிப்பே தெரியாமல் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பழந்தாள்:

கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இது. ஓரத்தை வெட்டினால் அதோடு சாட்சியும் போய்விடும், அட்டையில் ஒட்டினால் பின்பக்கம் போய்விடும். உங்கள் படத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதே அந்தப் பின்பக்கம்தான். நான் காகிதப் பழுதுபார்ப்பு வேலை செய்கிறவன், இப்படி ஒட்டிக் கொண்டுவந்த படங்களைப் பிரித்தெடுப்பதிலேயே பாதி நாள் போகிறது.

நீங்கள் சொல்கிற அளவு, நடு மடிப்பு, பின்னால் லத்தீன், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது கியோர்க் பிரவுனும் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்கும் சேர்ந்து வெளியிட்ட உலக நகரங்களின் வரைபடத் தொகுதி. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1572இல் முதல் பாகம், 1617இல் ஆறாவது பாகம், எல்லாம் சேர்ந்தால் 500க்கு மேல் நகரப் படங்கள். பிரவுன் பாதிரியார், எழுத்து வேலையும் பதிப்பு வேலையும் அவர் பார்த்தார், செதுக்கியவர் பெரும்பாலும் ஹோகன்பெர்க். இதே ஹோகன்பெர்க்தான் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570இல் ஆண்ட்வெர்பில் வெளியிட்ட உலக நிலப்பட நூலுக்கும் பல தகடுகள் செதுக்கியவர்.

ஆனால் நான் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். வீட்டிலேயே பார்க்க முடியும்.

பத்து மடங்கு லென்ஸில் ஒரு கப்பலை மட்டும் பாருங்கள். கோடு புள்ளி புள்ளியாக உடைந்தால் அது இயந்திர அச்சு, அங்கேயே கதை முடிந்தது. செப்புத் தகட்டில் உளி போகும்போது உழவுச் சால் மாதிரி ஒரு பள்ளம் விழும், நுனியில் மெலிந்து, நடுவில் அகன்று, மறுபடி மெலிந்து முடியும். மையைப் பள்ளத்துக்குள் தேய்த்து, தகட்டின் மேல்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளை அச்சில் விட்டு அழுத்துவார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும், அதனால் காய்ந்த பிறகும் கோடு கொஞ்சம் மேடாக நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். அதே அழுத்தத்தில் தகட்டின் விளிம்பும் காகிதத்தில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு செவ்வகத் தடம் விட்டிருக்கும். உங்கள் ஃப்ரேம் கடைக்காரர் வெட்டப் பார்ப்பது அந்தத் தடத்துக்குப் பக்கத்தில்தான்.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடியுங்கள். கையால் செய்த அந்தக் காலத்துக் காகிதத்தில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு மூன்று செ.மீ.க்கு ஒன்றாகத் தடித்த வரிகளும் தெரியும், காகிதக் கூழை அள்ளிய கம்பிச் சல்லடையின் அச்சு அது. அதிர்ஷ்டம் இருந்தால், காகிதம் செய்தவர் சல்லடையிலேயே வைத்த அடையாளமான நீர்க்குறியும் தெரியும். ஒரே சீராக, வரியே இல்லாமல் மேகம் மாதிரி இருந்தால் நிச்சயமாக அந்த நூற்றாண்டுக் காகிதம் இல்லை.

பழுப்புக்குப் பயப்பட வேண்டாம், அது நல்ல செய்தி. அந்தக் காலத்துப் பச்சை, செம்பில் ஏறுகிற களிம்பிலிருந்து எடுத்தது. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்ட இடத்தில் பச்சையாகப் பிடிக்குமே, அதுவேதான். காலப்போக்கில் அது காகிதத்தை உள்ளேயே எரித்துப் பின்பக்கம் பழுப்பாக வெளிவரும். போன நூற்றாண்டில் யாரோ விற்பனைக்காகப் புதிதாக வண்ணம் தீட்டியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது. ஆகவே வண்ணமும் பழசு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இடம் அப்பளம் மாதிரி உடையும் நிலையில் இருக்கலாம். வளைக்காதீர்கள், தண்ணீர் காட்டவே காட்டாதீர்கள்.

கறார்:

அசலாகவே இருந்தாலும் யாரும் பெரிதாகக் கனவு காண வேண்டாம். அந்தத் தொகுதி அன்றைக்கே நன்றாக விற்ற புத்தகம், லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் பதிப்பு மேல் பதிப்பாகப் போட்டார்கள். ஒரு தாள் தனியாக ஏலத்துக்கு வருவது அன்றாடம் நடக்கிற விஷயம். ஆண்ட்வெர்ப் பெயர் பெற்ற ஊர், அதனால் விலை கொஞ்சம் கூடும், கீழே கிழிசல் இருப்பதால் கொஞ்சம் குறையும். 110க்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான், ஆனால் வேலையை விடுகிற அளவுக்கு இல்லை.

இன்னொன்று. இப்படித் தனித்தாள்கள் சந்தையில் சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், முழுப் புத்தகமாக இருந்ததை யாரோ ஒருவர் லாபத்துக்காகப் பிரித்துத் தாள் தாளாக விற்றது. அதை வாங்குகிறவர்கள் இருக்கிறவரை பிரிக்கிறவர்களும் இருப்பார்கள். தாளில் எங்காவது நூலக முத்திரையோ, முத்திரையைச் சுரண்டின அடையாளமோ இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

பழந்தாள்:

கறார் சொல்வதில் முத்திரை விஷயம் முக்கியம், கட்டாயம் பாருங்கள். பின்பக்கத்தில், எழுத்துக்கு வெளியே, மூலைகளில். சுரண்டினால் அந்த இடம் மட்டும் மெலிந்து வெளிச்சம் அதிகமாக வரும்.

புத்தகத்தைப் பிரிப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்தத் தாள்களில் பல நூறு ஆண்டு முன்பே பிரிந்து வந்தவை, இன்றைக்குச் சந்தையில் ஒருவர் வாங்காமல் விட்டால் அது புத்தகத்துக்குள் திரும்பப் போகப்போவதில்லை. ஈரச் சுவரில் மாட்டி வீணாகும், அவ்வளவுதான்.

வடகடல்:

நான் ஆண்ட்வெர்பிலேயே இருக்கிறேன், ஆகவே கொஞ்சம் கூடக் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் படத்தைப் பிடிக்கிற விதம். இதில் மேலே இருப்பது வடக்கு அல்ல, கிழக்கு. ஆற்றுக்கு மறுகரையில், அதாவது மேற்கே நின்று ஊரைப் பார்க்கிறோம். ஸ்கெல்ட் ஆறு வலமிருந்து இடமாக ஓடிக் கடலுக்குப் போகிறது. வாய்க்கால்கள் இருக்கிற இடது பக்கம் வடக்கு, அது 16ஆம் நூற்றாண்டு நடுவில் கில்பர்ட் வான் ஸ்கோன்பேக் என்ற நில வியாபாரி திட்டம் போட்டு உண்டாக்கின புதுநகரம். கோபுரம் அன்னை மரியாள் பேராலயம், 123 மீட்டர், இன்றைக்கும் ஊருக்குள் எங்கே நின்றாலும் தெரியும்.

வலது ஓரத்துக் கோட்டைதான் எனக்குப் பிடித்த இடம், பிடித்தது என்றால் அழகுக்காக அல்ல. அப்போது இந்த ஊரை ஆண்ட ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பு அனுப்பின ஆல்பா பிரபு 1567இல் இங்கே வந்து இறங்கினதும் கட்டத் தொடங்கினது அது, பச்சியோட்டோ என்ற இத்தாலியப் பொறியாளர் வடிவமைத்தார். வெளி எதிரிக்காக மட்டும் கட்டியிருந்தால் ஐந்து முனையில் இரண்டு முனை ஊரைப் பார்த்து நிற்க வேண்டிய தேவையே இல்லை. ஊர்க்காரர் தலை தூக்கக் கூடாது என்பதற்காகக் கட்டினது. அதற்குள்ளே 1571இல் ஆல்பா தனக்கே வெண்கலச் சிலையும் வைத்துக்கொண்டார், மூன்று வருடத்தில் அடுத்து வந்தவர் அதை இறக்கிவிட்டார்.

1576 நவம்பர் 4ஆம் திகதி, சம்பளம் கிடைக்காத ஸ்பானியச் சிப்பாய்கள் அந்தக் கோட்டையிலிருந்துதான் ஊருக்குள் பாய்ந்தார்கள். மூன்று நாள் கொள்ளை, ஆயிரக்கணக்கில் சாவு. 1565இல் கட்டி முடித்த நகர மண்டபம் எரிந்து சுவர் மட்டும் மிஞ்சியது. அடுத்த வருடம் ஊர்ச்சனம் போய்க் கோட்டையின் ஊர்ப் பக்கத்து மதிலை இடித்துத் தள்ளியது. 1585இல் ஊர் திரும்ப ஸ்பெயின் கைக்குப் போனதும் அதை மறுபடி கட்டினார்கள். புரொட்டஸ்டன்ட் ஆட்கள் சொத்தை விற்றுக்கொண்டு கிளம்ப நாலு வருடம் தவணை கொடுத்தார்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்த ஊர் சில வருடங்களில் பாதிக்கும் கீழே போனது. வியாபாரி, நெசவாளி, செதுக்குவோர் எல்லாம் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஜெர்மன் ஊர்களுக்கும் போனார்கள். ஆற்றின் வாயும் ஸ்பெயினை எதிர்த்து நின்ற டச்சுக்காரர் கையில், அவர்கள் கடல் வழியை அடைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் படத்தில் கோட்டை ஐந்து முனையோடு முழுசாக நிற்கிறது, அதை வைத்து இது 1576க்கு முந்தின தாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தகடு எப்போது செதுக்கப்பட்டது என்பது வேறு, தாள் எப்போது அச்சானது என்பது வேறு. 1572இல் செதுக்கின தகட்டை, ஊர் எரிந்த பிறகும், சனம் பாதியாகின பிறகும், ஒரு கோடும் மாற்றாமல் கொலோனில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். 1590இல் இந்தப் புத்தகத்தைப் புதிதாக வாங்கின ஒருவர் ஆறு நிறையக் கப்பலோடு இருக்கிற ஆண்ட்வெர்பைத்தான் பார்த்திருப்பார். ஹோகன்பெர்க்கே இந்தப் பக்கத்து ஆள், மெஹெலன் ஊரில் பிறந்தவர், ஆல்பா காலத்துக் கெடுபிடியில் கொலோனுக்குப் போய்ச் சேர்ந்தவர். 1576 கொள்ளையைத் தனிச் செய்திப் படமாகச் செதுக்கி விற்றதும் அவரேதான். ஆனாலும் நகரப் படத்தின் தகட்டில் கை வைக்கவில்லை. புதுத் தகடு செதுக்கச் செலவு, பழசு விற்கிறவரைக்கும் யார் அதைத் தொடுவார்கள்?

மழைக்குடை:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. ஃப்ரேம் கடைக்குப் போகவில்லை.

சொன்ன சோதனைகளைச் செய்தேன். லென்ஸில் புள்ளி இல்லை, கோடு நீங்கள் சொன்ன மாதிரியே நுனி மெலிந்து முடிகிறது. செவ்வகத் தடம் மூன்று பக்கம் தெளிவாக இருக்கிறது, கீழே கொஞ்சம் மங்கல். வெளிச்சத்தில் இரண்டு வகை வரிகளும் தெரிகின்றன, நீர்க்குறி இருக்கிற இடத்தில் எழுத்து அடைத்துக்கொண்டிருப்பதால் உருவம் பிடிபடவில்லை. நூலக முத்திரை இல்லை, சுரண்டலும் இல்லை. மடிப்பின் முதுகில் மட்டும் நீளமாக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது, அதை எடுத்துவிடலாமா?

ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டிருக்கிற பிரதியோடு ஒப்பிட்டேன். படம் கோட்டுக்குக் கோடு அப்படியே. ஆனால் பின்பக்க எழுத்தில் வரிகள் வேறு வேறு இடத்தில் முடிகின்றன, முதல் எழுத்தின் அலங்காரமும் வேறு. இதற்கு என்ன அர்த்தம்? வானத்தில் போட்டிருக்கிற நுண்கோடுகளும் என்னுடையதில் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன.

பழந்தாள்:

பட்டையை எடுக்காதீர்கள். புத்தகத்தில் சேர்த்துத் தைப்பதற்காக ஒட்டின துண்டு அது, தாள் ஒரு தொகுதிக்குள் இருந்தது என்பதற்கு ஆதாரம்.

எழுத்து வேறாக இருப்பதற்கு அர்த்தம் எளிது, வேறு பதிப்பு. படம் செம்புத் தகடு, எழுத்து ஈய அச்சு, இரண்டும் வேறு வேறு இயந்திரத்தில் போன வேலை. தகடு அப்படியே இருக்கும், ஈய எழுத்தைப் பதிப்புக்குப் பதிப்பு கலைத்துவிட்டுப் புதிதாகக் கோப்பார்கள். அதனால்தான் வரி முடிகிற இடம் மாறுகிறது. இந்தப் படங்களின் பதிப்பைப் பிரித்தறிகிற முறையே இதுதான். நுண்கோடு வெளிறினது, செம்பு மெத்தென்ற உலோகம் என்பதால். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறையும், முதலில் மறைவது வானமும் நீரும்தான். ஆக உங்களுடையது முதல் ஆண்டுகளின் அச்சு இல்லை என்று ஊகிக்கலாம். இந்தத் தகடுகள் பிற்பாடு ஆம்ஸ்டர்டாமில் யான் யான்சோனியஸ் கைக்குப் போய் அவர் 1657இல் அவற்றை வைத்துப் புதிய நகரத் தொகுதிகள் போட்டார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிரசெல்ஸில்தான் இருக்கிறீர்கள், அரச நூலகத்தில் வரைபடப் பிரிவு இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பின்பக்கத்தின் புகைப்படத்தோடு போங்கள், அசல் தாளைத் தூக்கிக்கொண்டு மழையில் அலைய வேண்டாம். வெவ்வேறு ஆண்டின் பிரதிகளை வரிசையாக வைத்து வரி முடிவுகளை ஒப்பிட்டால் ஒருநாள் வேலை.

கிழிசலுக்கு ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுச்சத்துப் பசையும், அதையும் பழகினவர் கையால். செலோடேப் என்ற பேச்சே வேண்டாம்.

வடகடல்:

நூலகம் முடித்துவிட்டு ஒருநாள் ஆண்ட்வெர்புக்கும் வாங்கோ, ரயிலில் ஒரு மணிக்கும் குறைவு. வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் பிளான்டின் மொரேட்டஸ் அருங்காட்சியகம், 1600ஐ ஒட்டின அச்சு இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன, செப்புத் தகடுகளையும் பார்க்கலாம். பழந்தாள் எழுத்தில் விளக்கினது நேரில் ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

படத்தின் நகலோடு ஊருக்குள் நடந்தால் இன்னும் நல்லது. கோட்டை நின்ற இடம் இப்போது தெற்குப் பகுதி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இடித்துத் தெருக்கள் போட்டார்கள், அரச நுண்கலை அருங்காட்சியகம் அங்கேதான். ஊர் மதில் சுற்றின இடம் முழுக்க இன்று அகலச் சாலைகள். ஆற்றங்கரையை 1880களில் நேராக்கினபோது பழைய கரையோர வீடுகள் போய்விட்டன, ஸ்டேன் என்ற வேறொரு பழைய கோட்டையின் வாசல் மட்டும் மிஞ்சியது. இடது பக்கத்து வாய்க்கால்களுக்கு நடுவே ஒரு பெரிய சதுரக் கட்டிடம் தெரிகிறதா? ஹன்சா என்ற வட ஜெர்மன் வணிகர் கூட்டத்தின் மாளிகை, 1893இல் எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் 2011இல் திறந்த மாஸ் அருங்காட்சியகம் நிற்கிறது.

எங்களுக்கு ஒட்டின விஷயமும் இருக்கிறது. இந்த ஆற்றில் நிற்கிற கப்பல்களுக்குப் பின்னால் மிளகு இருக்கிறது. 1501இலேயே போர்ச்சுக்கல் கப்பல் மலபார் மிளகை இங்கே இறக்கினது, பிறகு பல பத்தாண்டு போர்ச்சுக்கல் மன்னரின் வணிகக் கிடங்கே இந்த ஊரில் இருந்தது. மிளகுக்கு மாற்றாக ஜெர்மன் வியாபாரிகள் இங்கே கொண்டுவந்து கொடுத்தது வெள்ளியும் செம்பும், அந்தச் செம்பு லிஸ்பன் வழியாகக் கள்ளிக்கோட்டைக்கும் கொச்சிக்கும் போய் மறுபடி மிளகு வாங்கினது. இந்த ஆண்ட்வெர்ப் படம் வந்த அதே முதல் பாகத்தில் கள்ளிக்கோட்டைக்கும் படம் உண்டு, பாரசீக வளைகுடா வாயில் இருக்கிற ஓர்முஸ், கண்ணனூர், ஆப்பிரிக்கக் கரையில் எல்மினா ஆகியவற்றோடு ஒரே தாளில். கடற்கரையில் யானை நிற்கும். வீடு வீடாக எண்ணி வரைந்த ஆண்ட்வெர்ப் எங்கே, போகாமலே வரைந்த கள்ளிக்கோட்டை எங்கே என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, சிரிப்பு வரும்.

கறார்:

கள்ளிக்கோட்டைத் தாளை 110 யூரோவுக்குக் கண்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மழைக்குடை:

எழுதமாட்டேன், நானே வாங்கிக்கொள்வேன். அரச நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. அதுவரை தாளைச் சுருட்டி வைப்பதா, மடிப்பிலேயே மடித்து வைப்பதா?

பழந்தாள்:

இரண்டும் இல்லை. அமிலமில்லாத அட்டை இரண்டுக்கு நடுவில் தட்டையாக, அலமாரியின் மேல்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாமல். ஃப்ரேம் போடுகிற அன்றைக்கு, தாளில் கண்ணாடி படாமல் இடைவெளி விடும் அட்டைச் சட்டமும் புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடியும் கேளுங்கள், இரண்டும் கடையில் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் கடையை மாற்றுங்கள்.